இரண்டு சம்பளம், ஒரு பிள்ளை
(புதுச்சேரியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2024 அக்டோபரில் அண்டை மாநிலங்களின் முதலமைச்சர்கள் இருவர் அடுத்தடுத்துப் பிள்ளைப்பேற்றைப் பற்றிப் பேசினார்கள். ஆந்திரத்தில் சந்திரபாபு நாயுடு, மக்கள்தொகையில் முதியோர் பங்கு ஏறுகிறது, குடும்பங்கள் கூடுதலாகப் பிள்ளை பெற வேண்டும் என்றார். இரண்டுக்கு மேல் பெற்றவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது என்று அங்கே இருந்த தடையை, அடுத்த மாதமே சட்டமன்றம் நீக்கியது. சென்னையில் ஒரு திருமண விழாவில் பேசிய மு.க.ஸ்டாலின், மக்கள்தொகையை வைத்து நடக்கும் தொகுதி மறுவரையறையைச் சுட்டிக்காட்டி, பதினாறு பிள்ளை பெற்றால் என்ன என்று மக்கள் நினைக்கும் நிலை வந்துவிட்டது என்றார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் புதுமணத் தம்பதியரைச் சீக்கிரம் பிள்ளை பெற்றுக்கொள்ளச் சொன்னார். புதுச்சேரிக்கு மக்களவையில் இருப்பது ஒரே ஓர் இடம். அந்தத் தொகுதிக் கணக்கை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, வீட்டுக்குள் கணவனும் மனைவியும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் பேச்சை இங்கே நிதானமாக எடுத்துக்கொள்ளலாம்.

அந்த மேடைகளில் எழாத கேள்வி ஒன்று உண்டு. பிறக்கும் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? அதற்காக யார் வேலையை விடுவது, யாருடைய பதவி உயர்வு தள்ளிப்போவது? நம் வீடுகளில் எத்தனை பிள்ளை என்பதை முடிவு செய்வது இந்தக் கேள்விதான். கணவன் சம்பளம் எவ்வளவு, மனைவி சம்பளம் எவ்வளவு என்ற தொகைக்கு அதில் ஓர் இடம் உண்டு. ஆனால் பிள்ளைக்கு வேண்டிய நேரம் யாருடைய பிழைப்பிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதற்கு அதைவிடப் பெரிய இடம் உண்டு. இதுவே என் கட்சி.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில், அதாவது காரைக்கால், மாஹே, ஏனாமையும் சேர்த்து, ஒரு பெண் பெறும் பிள்ளைகளின் சராசரி 1.5. அதற்கு முந்தைய 2015-16 கணக்கெடுப்பில் 1.7. அதே 2019-21இல் தமிழ்நாடு 1.8, இந்தியா 2.0. ஒரு தலைமுறைக்கு அடுத்த தலைமுறை ஈடாக வேண்டுமானால் 2.1 வேண்டும் என்பார்கள். ஒன்றோடு நிறுத்திய வீடும் இரண்டு பெற்ற வீடும் சரிபாதியாக இருந்தால் 1.5 வரும். உங்கள் தெருவை மனத்தில் ஓட்டிப் பாருங்கள், ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

இந்த எண்ணைக் கண்டு எனக்குப் பதற்றம் இல்லை. "ஒண்ணு போதும், நல்லா படிக்க வைப்போம்" என்று மனநிறைவோடு சொல்லும் தாய்தகப்பனிடம் போய், நாட்டுக்காக இன்னொன்று பெறு என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. என்னை உறுத்துவது வேறொரு பேச்சு. "இன்னொண்ணு ஆசைதான். ஆனா யார் பாத்துக்கறது?" என்பது. வங்கியில் வேலை செய்யும் பெண்ணிடமும் கேட்டிருக்கிறேன், சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் பேக்கிங் பிரிவில் நிற்கும் பெண்ணிடமும் கேட்டிருக்கிறேன். இருவருக்கும் சம்பளம் வேறு, படிப்பு வேறு. சொன்ன சொல் ஒன்று. ஐக்கிய நாடுகளின் மக்கள்தொகை நிதியம் இந்தியா உட்பட 14 நாடுகளில் எடுத்து 2025இல் வெளியிட்ட ஆய்விலும், விரும்பிய அளவு பிள்ளை பெற முடியாததற்குப் பணத் தட்டுப்பாட்டைக் காரணம் சொன்னவர்கள் 39 விழுக்காடு. பணம் என்று அவர்கள் சொல்வதற்குள் எத்தனை நேரக்கணக்கு ஒளிந்திருக்கிறது என்பதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த ஊரின் கதையிலிருந்தே தொடங்கலாம். ஒரு காலத்தில் புதுச்சேரிக்குக் கடிகாரம் மில் சங்குதான். சவானா, ரோடியர், கப்ளே என்று மூன்று பஞ்சாலைகள். பின்னாளில் சுதேசி, ஏ.எஃப்.டி., பாரதி என்று பெயர் மாறின. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். வ.சுப்பையா முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் விளைவாக 1937 ஏப்ரலில் வந்த ஆணை, எட்டு மணி நேர வேலையை இந்த மண்ணில் சட்டமாக்கியது. அதை எண்ணி நாம் இன்றும் பெருமைப்படுகிறோம், பெருமைப்படவும் வேண்டும்.

ஆனால் அந்த எட்டு மணி நேரம் யாருடையது? நம் ஊர்க் கவிஞர் பாரதிதாசன் ஆலைச் சங்கைப் பார்த்து ஒருத்தி பேசுவதாகப் பாட்டு எழுதியிருக்கிறார். அவள் மில் தொழிலாளியின் மனைவி. வீட்டில் அவனுக்காகக் காத்திருக்கிறாள். அவனுடைய வேலைக்கு ஆரம்பம் உண்டு, முடிவு உண்டு, சங்கு உண்டு. அவளுடைய வேலைக்கு எந்தச் சங்கும் ஊதவில்லை. பிற்பாடு 'குடும்ப விளக்கு' எழுதியபோது அதே கவிஞர் ஒரு குடும்பத் தலைவியின் ஒரு நாளை, விடியலிலிருந்து இரவுவரை, வேலை வேலையாக எழுதிவைத்தார். வீட்டையும் பிள்ளைகளையும் கவனித்த கையோடு கணவனின் கடையையும் அவள் பார்க்கிறாள். அன்று அது புகழுரையாக வாசிக்கப்பட்டது. இன்று அந்தப் பகுதியை நான் மாணவிகளோடு சேர்ந்து படிக்கும்போது, ஒரு பெண்ணின் நேரத்தைத் தமிழில் இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கெடுத்த வேறு கவிஞர் யார் என்ற வியப்பே மேலிடுகிறது.

மில் குடும்பத்தில் சம்பளம் ஒன்று, பிள்ளைகள் நான்கைந்து. அந்தக் கணக்கு எப்படிக் கட்டுப்படியானது? பிள்ளை வளர்ந்து பதினைந்து, பதினாறில் கைக்கு உதவினான். பெண்பிள்ளை அதற்கும் முன்பே அடுத்த குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். ஆஸ்திரேலிய மக்கள்தொகை அறிஞர் ஜான் கால்ட்வெல் 1976இல் இதை ஒரு கோட்பாடாகவே வைத்தார். பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்குச் செல்வம் போகும் காலத்தில் வீடுகள் பெருகும், பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் போகத் தொடங்கியதும் சுருங்கும் என்றார். அவரே பின்னர் கர்நாடகக் கிராமங்களில் குடும்பத்தோடு தங்கி ஆய்வு செய்து, பள்ளிக்கூடம் அந்தப் போக்கை எப்படித் திருப்பியது என்று எழுதினார். எல்.கே.ஜி. கட்டணத்தைத் தவணையில் கட்டும் ஊரில் வாழும் நமக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

மில் சம்பளம் போனதும் என்ன நடந்தது என்பதே நம் கதைக்கு முக்கியம். 2011 டிசம்பர் 30இல் அடித்த தானே புயல் ஏ.எஃப்.டி. ஆலையைச் சீர்குலைத்தது. பல ஆண்டுகள் லே-ஆஃப், அரைச் சம்பளம், வழக்கு என்று இழுத்து, 2020 ஏப்ரல் 30 அன்று ஆலை மூடப்பட்டது. மில் தொழிலாளர்கள் வாழ்ந்த முதலியார்பேட்டை வீடுகளில் அதுவரை 'வேலைக்குப் போக வேண்டாம்' என்றிருந்த பெண்கள் ஜவுளிக்கடைக்கும், தையல் கூடத்துக்கும், மருத்துவமனை உதவியாளர் வேலைக்கும் போனார்கள். இரண்டாவது சம்பளம் அங்கே வசதிக்காக வரவில்லை. முதல் சம்பளம் விழுந்த இடத்தில் வந்தது. அந்த வீடுகளில் வளர்ந்த பெண்பிள்ளைகள் இன்று தாயாகும் வயதில் இருக்கிறார்கள். ஆண் சம்பளம் நிலையானது என்ற நம்பிக்கை அவர்களிடம் கிடையாது. 'என் வேலையை நான் விடமாட்டேன்' என்று அந்தப் பெண் சொன்னால் அதைப் பிடிவாதம் என்று சொல்லாதீர்கள். அவள் அப்பாவின் மில் பாஸ்புக்கைப் பார்த்து வளர்ந்தவள்.

சம்பாதிக்கும் பெண் இந்த ஊருக்குப் புதிதா என்றால் அதுவும் இல்லை. வைத்திக்குப்பத்திலும் வம்பாகீரப்பாளையத்திலும் ஆண் கடலுக்குப் போவான், மீனை விற்றுக் காசாக்குவது பெண். குபேர் மார்க்கெட்டில் மீன்கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் தலைமுறை தலைமுறையாகச் சம்பாதிக்கிறவர்கள். பிள்ளையையும் பெற்றார்கள், வியாபாரத்தையும் விடவில்லை. மாமியாரும் நாத்தனாரும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள், வேலை நேரம் அவர்கள் கையில் இருந்தது, அழுத பிள்ளையைக் கூடைக்குப் பக்கத்தில் படுக்கவைக்க முடிந்தது. அலுவலக வேலையில் இவை மூன்றும் இல்லை. அங்கே பெண் கூலி வாங்குவது தன் நேரத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்ததற்காக.

இன்னொரு வகை வருமானமும் நம் ஊருக்கே உரியது. பிரெஞ்சுப் படையில் இருந்து வந்த சொல்தாக்களின் பென்ஷன். அவர் காலத்துக்குப் பின் மனைவிக்கும் வரும். யாருடைய நேரத்தையும் கேட்காத பணம் அது. பென்ஷன் வீட்டுப் பாட்டியிடம் பேரப்பிள்ளைகள் வளர்ந்த கதை இந்த அவையிலேயே பலருக்குச் சொந்தக் கதையாக இருக்கும். 1962க்குப் பின் பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிஸ் பக்கம் குடியேறியவர்களும் உண்டு. சார்செலில் இருக்கும் அக்காவுக்கு மூன்று பிள்ளை, லாஸ்பேட்டையில் இருக்கும் தங்கைக்கு ஒன்று என்ற குடும்பங்கள் எனக்குத் தெரியும். அக்காவும் வேலைக்குப் போகிறாள். அங்கே இரண்டாவது பிள்ளையிலிருந்து அரசு மாதந்தோறும் குடும்ப உதவித்தொகை தருகிறது. மூன்று வயதானதும் பிள்ளை 'மத்தெர்னெல்' பள்ளிக்குப் போய்விடும், கட்டணம் கிடையாது. 2019 முதல் அது கட்டாயமும்கூட. அங்கே மட்டும் எல்லாம் ஆதிமுதல் சரியாக இருந்ததாக எண்ணிவிட வேண்டாம். மனைவி தனியாக ஒரு தொழில் செய்வதைக் கணவன் ஆட்சேபிக்க முடியாது என்று பிரான்ஸ் சட்டம் மாறியதே 1965இல், புதுச்சேரியை அவர்கள் சட்டப்படி நமக்குக் கொடுத்து மூன்று ஆண்டுகள் கழித்து.

இனி இன்றைய வீட்டுக்கு வருவோம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

நம் ஊரில் படித்த இளைஞருக்கு நல்ல சம்பளம் என்றால் அது பெரும்பாலும் சென்னையில் இருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனி. ஊருக்கும் அதற்கும் 150 கிலோமீட்டர்வரை. கல்யாணம் ஆனதும் இரண்டு பேரும் அங்கே போய் வாடகை கொடுத்துப் பார்க்கிறார்கள். பெண் கர்ப்பமானதும் ஊருக்கு வருகிறாள். எல்லைப்பிள்ளைச்சாவடி மகப்பேறு மருத்துவமனையிலோ ஜிப்மரிலோ தனியாரிடமோ பிரசவம். பிறகு அம்மா வீடு. பிறகு, பிள்ளையை யார் பார்ப்பது என்ற ஒரே காரணத்தால், அவள் ஊரிலேயே தங்கி ஒரு தனியார் பள்ளியில் சேர்கிறாள். சென்னையில் வாங்கியதில் பாதிகூட வராது. ஆனால் மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். கணவன் வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் வந்து ஞாயிறு இரவு திரும்புகிறான். பிள்ளைக்கு அவன் சனி ஞாயிறு அப்பா.

இதைத் தீயவர்கள் செய்த ஏற்பாடு என்று நான் சொல்லவில்லை. கணக்குப் போட்டால் இப்படித்தான் வருகிறது. 2023இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் இந்த ஏற்பாட்டைத்தான் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார். சில வேலைகள் பேராசை பிடித்தவை என்பார் அவர். நினைத்த நேரத்தில் கூப்பிட்டால் வரும் ஆளுக்கு, இரவிலும் கணினியைத் திறக்கும் ஆளுக்கு, அந்த வேலை அளவுக்கு மீறிச் சம்பளம் தரும். பிள்ளை இருக்கும் வீட்டில் இரண்டு பேரும் அப்படி ஒரு வேலையில் இருக்க முடியாது. யாராவது ஒருவர் வீட்டுக் கூப்பாட்டுக்கு ஓடிவரும் ஆளாக இருக்க வேண்டும். ஒருவர் பெரிய சம்பளத்துக்குப் போனால் குடும்பத்துக்கு மொத்த வருமானம் கூடுகிறது என்பதால் தம்பதியர் அதைத் தேர்கிறார்கள். அந்த ஒருவர் யார் என்பதில் மட்டும் உலகம் முழுக்க ஒரே பதில். டென்மார்க்கின் அரசுப் பதிவேடுகளை வைத்து ஹென்ரிக் கிளெவனும் கூட்டாளிகளும் 2019இல் காட்டினார்கள்: முதல் பிள்ளைக்குப் பின் பெண்ணின் வருமானம் நெடுங்காலத்துக்குச் சுமார் 20 விழுக்காடு தாழ்ந்து நிற்கிறது. தகப்பனின் வருமானக் கோடு அசையவே இல்லை. அரசு மானியத்தில் குழந்தைக் காப்பகம் நடக்கும் டென்மார்க்கிலேயே இப்படி.

இந்த நிலையில் இரண்டாவது பிள்ளை என்ற பேச்சு வருகிறது. கணவனின் கணக்கில் அது ஒரு செலவு: பள்ளிக் கட்டணம், மருத்துவம், கொஞ்சம் பெரிய வீடு. மனைவியின் கணக்கில் அது செலவோடு நிற்பதில்லை. முதல் பிள்ளைக்கு ஒரு வேலையை விட்டாள். மூன்று வருஷம் கழித்து, தன்னைவிட இளையவருக்குக் கீழே, புதிதாகச் சேர்ந்தாள். இப்போதுதான் சம்பளம் கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது. இரண்டாவது வந்தால் அதே படிக்கட்டில் மறுபடி கீழிருந்து ஏற வேண்டும். ஒரே பிள்ளை, ஒரே வீடு, ஆனால் இருவரும் இரண்டு விலை கொடுக்கிறார்கள். 'ஆஸ்திக்கு ஒண்ணு ஆசைக்கு ஒண்ணு' என்று பெரியவர்கள் வற்புறுத்தும்போது அவள் பேசாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அப்படியும் இரண்டாவது பெற்றுக்கொள்ளும் வீடுகள் உண்டு. அங்கே என்ன வித்தியாசம் என்று பார்த்தால், பெரும்பாலும் ஒரு பாட்டி இருக்கிறார். முதல் பிள்ளையை வளர்த்தவர் அவர். இரண்டாவதைப் பற்றிய முடிவு கணவன் மனைவி சம்பளத்தைவிடப் பாட்டியின் முழங்காலைப் பொறுத்து எடுக்கப்படுகிறது என்று சொன்னால் மிகை இல்லை. அம்மாவுக்கு அறுபத்தைந்தாகிவிட்டது, சர்க்கரை இருக்கிறது, இன்னொரு கைக்குழந்தையைக் கொடுக்க மனம் வரவில்லை என்று நிறுத்திக்கொண்ட பெண்கள் பலர்.

இப்போது இதில் ஒரு புது மாற்றம் நடக்கிறது, அதை யாரும் பேசக் காணோம். இன்றைய இளம் தாயின் அம்மாவே வேலைக்குப் போகிறவர். புதுச்சேரியில் எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் ஆசிரியைகளாக, செவிலியர்களாக, எழுத்தர்களாகச் சேர்ந்த பெண்கள் இன்று ஐம்பதைக் கடந்து, அறுபது வயது ஓய்வுக்குக் காத்திருக்கிறார்கள். மகளின் பிரசவத்துக்கு அவர்களுக்கு ஒரு மாத ஈட்டிய விடுப்பு கிடைத்தால் பெரிது. இரண்டு சம்பளம் என்று நாம் பேசிக்கொண்டிருக்கும்போது சில வீடுகளில் மூன்று சம்பளம் நடக்கிறது, பிள்ளையைத் தூக்க ஓய்ந்த கை ஒன்றுகூட இல்லை. பாட்டி என்ற ஏற்பாட்டின் மேல்தான் தென்னிந்தியாவின் பெண் உத்தியோகம் முழுவதும் நின்றது. அந்தப் பாட்டிக்குச் சம்பளமோ, விடுமுறையோ, நன்றியோ கிடைத்ததில்லை.

நம் ஊர்ப் பெற்றோர் மாப்பிள்ளை தேடும்போதும் பெண் தேடும்போதும் 'கவர்மென்ட் வேலை' என்று உயிரை விடுகிறார்கள். அது வெறும் ஆசையென்று நான் நினைக்கவில்லை. புதுச்சேரி அரசு ஊழியருக்கு மத்திய அரசின் விடுப்பு விதிகள். பேறுகால விடுப்பு 180 நாள். அதற்கு மேல் பெண் ஊழியருக்குப் பணிக்காலம் முழுவதிலும் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு, இரண்டு பிள்ளைகள்வரை, பதினெட்டு வயதுவரை. முதல் 365 நாள் முழுச் சம்பளம், அடுத்த 365 நாள் 80 விழுக்காடு. பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு என்றால் விடுப்பு எடுக்கலாம், அம்மைபோட்டால் எடுக்கலாம், திரும்பி வரும்போது நாற்காலி அங்கேயே இருக்கும். அரசு ஆசிரியை வீட்டில் இரண்டு பிள்ளையும் தனியார் பள்ளி ஆசிரியை வீட்டில் ஒன்றும் இருப்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள். இருவரும் ஒரே பி.எட். படித்தவர்கள்.

ஆனால் இந்த நல்ல விதிக்குள்ளேயே ஒரு கோணல் இருக்கிறது. 730 நாள் பெண்ணுக்கும், 2018இலிருந்து மனைவி இல்லாமல் தனியே பிள்ளை வளர்க்கும் ஆணுக்கும். மனைவியோடு வாழும் தகப்பனுக்கு 15 நாள். பிள்ளையைப் பார்ப்பது பெண்ணின் வேலை, அவள் இல்லாவிட்டால் மட்டும் ஆணின் வேலை என்று அரசே எழுதிவைத்திருக்கிறது. தனியார் துறைத் தகப்பனுக்கு அந்த 15 நாளைக்கூட எந்தச் சட்டமும் தரவில்லை. 2017இல் மக்களவையில் ராஜீவ் சாதவ் தந்தைப்பேறு மசோதா ஒன்றைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

தனியார் துறைப் பெண்ணுக்குப் பேறுகாலச் சட்டத்தின் 2017 திருத்தம் 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தது, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. படிக்க நன்றாக இருக்கிறது. அந்த 26 வாரச் சம்பளத்தை யார் கொடுப்பது என்று பாருங்கள்: முழுக்க முழுக்க முதலாளி. ஆறு மாதச் சம்பளம் தன் கையிலிருந்து போகும் என்று தெரிந்த சிறு முதலாளி, இன்டர்வியூவில் இருபத்தாறு வயதுப் பெண்ணிடம் "கல்யாணம் எப்போம்மா?" என்று கேட்கிறார். நாற்பது, ஐம்பது பேர் வேலை செய்யும் பள்ளிகளில், பிரசவத்துக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய், பிறகு புது ஆளாகச் சேரச் சொல்கிறார்கள். பெண்ணுக்குக் கொடுத்த உரிமை, அவளை வேலைக்கு எடுக்காமல் இருக்கக் காரணமாகிவிட்டது.

இதற்கு மாற்று எங்கோ ஐரோப்பாவில் இல்லை, கோரிமேட்டில் இருக்கிறது. நான் சொல்வது, அங்கே மருத்துவமனை வைத்திருக்கும் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம். மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடும் கட்டுகிறார்கள். ஆண், பெண், இளையவர், மூத்தவர் எல்லாருக்குமாகக் கட்டுகிறார்கள். பேறுகாலத்தில் 26 வாரச் சம்பளம் அந்தப் பொது நிதியிலிருந்து வருகிறது. குறிப்பிட்ட ஒரு பெண் பிள்ளை பெறுவதால் குறிப்பிட்ட ஒரு முதலாளிக்குத் தனி நட்டம் இல்லை. பிள்ளையின் விலையை எல்லாரும் சேர்ந்து கொடுக்கும் வழி, 22,000 சம்பளம் வாங்கும் ஆசிரியைக்கு அடைபட்டுவிடுகிறது. பேறுகாலப் பயனுக்கு மட்டுமாவது அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டு, எல்லாத் தொழிலகங்களும் பள்ளிகளும் அதே நிதிக்குள் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அமைப்புசாரா வேலையில் இருக்கும் பெண்ணுக்கு என்ன இருக்கிறது என்றால், மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் பிள்ளைக்கு 5,000 ரூபாய். இரண்டாவதற்கு, அது பெண்ணாகப் பிறந்தால் மட்டும், 6,000. அந்தத் தொகையை வைத்து ஒரு சித்தாள் எத்தனை நாள் வேலைக்குப் போகாமல் இருக்க முடியும் என்று யோசியுங்கள்.

இங்கிருக்கும் ஆண்களிடம் நேராகவே பேசுகிறேன். நாடு தழுவிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இலும் 2024இலும் நடந்தது. வீட்டுவேலை செய்யும் பெண்கள் 2019இல் நாளுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டார்கள், 2024இல் 289. வீட்டுவேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடத்திலிருந்து 88க்கு வந்தார்கள். கவனியுங்கள், இது செய்கிற ஆண்களின் சராசரி. நாளில் ஒரு வேலையாவது செய்கிற ஆண் நான்கில் ஒருவர்தான். மிக்ஸியும் வாஷிங் மெஷினும் அவளுக்குப் பத்து நிமிடம் மிச்சம் பிடித்துக் கொடுத்தன. அவன் தன் பங்குக்கு ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டான். கருத்தடையிலும் இதே கதை. 2019-21 கணக்கில் இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் அறுவை செய்துகொண்டவர்கள், ஆண் அறுவை 0.3 விழுக்காடு. பெறுவதும் அவள் உடம்பு, நிறுத்துவதும் அவள் உடம்பு, வளர்ப்பதும் அவள் நேரம். அவள் ஒன்றோடு போதும் என்றால் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

பெண்கள் வேலைக்குப் போவதால்தான் பிறப்பு குறைகிறது, அவர்கள் வீட்டில் இருந்தால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் இந்த ஊரிலும் உண்டு. 1970களில் வளர்ந்த நாடுகளை ஒப்பிட்டால் அது உண்மைபோலத் தெரிந்தது. 1980களின் நடுவில் தராசு திரும்பியது. பெண்கள் அதிகம் வேலைக்குப் போன ஸ்வீடனிலும் பிரான்ஸிலும் பிறப்பு கூடுதலாகவும், குறைவாகப் போன இத்தாலியிலும் ஸ்பெயினிலும் குறைவாகவும் இருந்தன. ஸ்வீடன் 1974லேயே பெற்றோர் விடுப்பைத் தாய்க்கும் தகப்பனுக்கும் பொதுவாக்கி, 1995இல் ஒரு மாதத்தைத் தகப்பன் எடுத்தால்தான் உண்டு என்று ஒதுக்கியது. தென்கொரியாவில் பெண்கள் உலகத்தரத்தில் படித்தார்கள். ஆனால் அலுவலகம் இரவுவரை பிடித்துவைத்தது, வீட்டில் ஆண் கை கொடுக்கவில்லை. 2023இல் அங்கே ஒரு பெண் பெறும் பிள்ளைகளின் சராசரி 0.72.

உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டும். பிரான்ஸில் 2010இல் 2.02ஆக இருந்தது 2024இல் 1.62. ஸ்வீடன் 2024இல் 1.43. காப்பகமும் விடுப்பும் கொடுத்த நாடுகளிலும் இறங்குகிறது. ஆகவே இவற்றைச் செய்தால் பிள்ளைகள் பெருகும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். பெருக்குவதற்காகச் செய்யச் சொல்லவும் இல்லை. 1930களில் பெரியார் கர்ப்பத்தடையை வற்புறுத்தியபோது, மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகவும் உடல்நலத்துக்காகவும் சொல்கிறார்கள், நாம் பெண்ணின் விடுதலைக்காகச் சொல்கிறோம் என்று வேறுபடுத்திக் காட்டினார். பாரதிதாசன் இதே ஊரிலிருந்து அதை ஆதரித்துக் கவிதை எழுதினார். பெறாமல் இருக்க அன்று அவர்கள் கேட்ட அதே உரிமையின் மறுபாதி, விரும்பியபோது வேலையை இழக்காமல் பெறுவதற்கான உரிமை. குறைத்துப் பெறு என்று கட்டளையிட்ட அரசும் கூட்டிப் பெறு என்று கட்டளையிடும் அரசும் பெண்ணிடம் ஒன்றைக் கேட்க மறந்தன: உனக்கு என்ன வேண்டும்?

பெண் பார்க்கப் போகும் வீட்டில், 'கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலைக்குப் போகுமா?' என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள். பெண் வீட்டார் திருப்பி ஒன்று கேளுங்கள். பிள்ளை பிறந்தால் மாப்பிள்ளை எத்தனை நாள் லீவு போடுவார், காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தால் யார் போவது? முன்வரிசையில் சிரிக்கும் தம்பிகளே, இந்தக் கேள்விக்குப் பதில் தயார் செய்துகொள்ளுங்கள்.

இறுதியாக, சட்டம் மாறும்வரை காத்திருக்காமல் இந்த ஊரிலேயே செய்யக்கூடிய ஒரு காரியம். மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளில் பெண்கள் ஷிப்டில் வேலை செய்கிறார்கள். அங்கன்வாடி, நாம் சொல்லும் பால்வாடி, ஷிப்ட் முடிவதற்கு வெகுநேரம் முன்பே பூட்டப்பட்டுவிடுகிறது. கட்டடம் இருக்கிறது, சமையல் இருக்கிறது, ஆயா இருக்கிறார். அங்கன்வாடியோடு காப்பகத்தைச் சேர்த்து நடத்த மத்திய அரசின் பால்னா திட்டத்திலும் இடம் இருக்கிறது. அந்த மூன்று இடங்களில் மட்டும் முதலில் இரவு ஏழு மணிவரை திறந்து வைக்க, கூடுதல் நேரத்துக்கு முறையான சம்பளத்தோடு இன்னோர் ஊழியரை அமர்த்த வேண்டும் என்று மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறைக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். ஊழியரின் சம்பளத்தை விட்டுவிட்டு நேரத்தை மட்டும் நீட்டினால் அது இன்னொரு பெண்ணின் தலையில் சுமையை மாற்றுவதாகும், ஆகவே அந்த வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறோம். வாசலில் மேசைமேல் மனு இருக்கிறது. படித்துப் பார்த்து, உடன்பாடு இருப்பவர்கள் பெயரும் தெருவும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.